கிரீஸ் மாடல்!

என் மச்சினிக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பட்டு, முகூர்த்தத்துக்கு ஒரு பட்டு, நலங்குக்கு ஒரு பட்டு என்று சகலமும் வாங்கி முடித்த பிறகு, ரிசப்ஷனுக்கு மட்டும் 'கவுன்தான் போட்டுக்கொள்வேன்' என்று ஒற்றைக்காலில் நின்றாள். அழைத்துக்கொண்டு போய் வாங்கித் தருகிற பொறுப்பு அத்தானுக்கு. அதாவது, எனக்கு. (பணம் மாமனாருடையது. பெட்ரோல் என்னுடையது. அபிப்பிராயம் சொல்லும் உரிமை இரண்டு பேருக்கும் கிடையாது.)

கடைப்பையன் வெள்ளைவெளேர் என்று ஒன்றை எடுத்து உதறினான். ஒரு தோள் இருந்தது. இன்னொரு தோளைக் காணவில்லை. நெஞ்சுக்குக் கீழே தங்கக் கலரில் ஒரு கயிறு. அங்கிருந்து தரை வரைக்கும் மடிப்பு மடிப்பாகச் சரிந்தது.

"கிரீஸ் மாடல் ஸார்!"

"கிரீஸிலேர்ந்தா வருது?"

"மாடல்தான் ஸார் கிரீஸ். துணி சூரத்து. தையல் பின்னாடி ஷெட்ல."

விலை பதினாலாயிரத்துச் சொச்சம். மச்சினி கண்களில் பளபளப்பு. மாமியார் மட்டும் துணியைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வேட்டியைத் தோள்ல ஊக்குப் போட்டுக் குத்தின மாதிரியில்ல இருக்கு இது?" என்றார்.

பையன் முகம் சுருங்கிப் போனது. எனக்கோ அன்றைக்கு ராத்திரி தூக்கம் போனது. சூரத் துணி, நம்ம ஊர்த் தையல். இதில் கிரீஸ்காரனுக்கு என்ன லாபம்? போகட்டும், அசல் கிரீஸ்காரர்கள் இப்போது என்னதான் தைத்து விற்கிறார்கள்? பி.காம். படித்தவனுக்கு இப்படித்தான் கேள்வி வரும். நாலைந்து ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

முதல் விஷயம், மாமியாருக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். பழைய கிரேக்கர்கள் உடுத்தியது அதையேதான். கத்திரிக்கு அநேகமாக வேலையே இல்லை. தறியிலிருந்து இறக்கிய நீளத் துணி. மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, உடம்பைச் சுற்றி, இரண்டு தோளிலும் குத்திக்கொண்டால் அதற்குப் பெயர் பெப்லோஸ். இன்னும் மெல்லிய துணியாக எடுத்து, தோளிலிருந்து கை வரைக்கும் வரிசையாகக் குத்திக்கொண்டால் கிட்டோன். குளிருக்கு மேலே ஒன்றைப் போர்த்திக்கொண்டால் ஹிமாத்தியோன். குத்துகிற சாமானைப் படத்தில் பார்த்தேன். சாட்சாத் நம்ம ஊக்கு! மிச்சமெல்லாம் கட்டுகிற கை செய்கிற ஜாலம். புடைவை கட்டத் தெரிந்த எந்தப் பெண்மணியும் ஏதென்ஸ் தெருவில் அன்றைக்கு அரை நாளில் பழகியிருப்பார்.

துணி விஷயத்தில் கிரேக்கர்களுக்கு நம்மைத் தெரியாமலும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு வியாபாரி கிரேக்க மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போன கடல்வழிக் கையேடு ஒன்று இருக்கிறது. 'பெரிப்ளூஸ்' என்பார்கள். அதில் 'அர்கரு' என்ற ஊரின் மஸ்லின் துணியை ஊர்ப் பெயராலேயே குறிப்பிடுகிறார். அந்த அர்கரு நம்ம உறையூர் என்பது ஆராய்ச்சியாளர்கள் கணிப்பு. (கடைப்பையனிடம் இதைச் சொல்லியிருந்தால் 'உறையூர் மாடல்' என்று இன்னும் இரண்டாயிரம் ஏற்றியிருப்பான்.)

இரண்டாவது விஷயம், அந்த வெள்ளை. அது சுத்தப் புருடா. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் மியூசியத்தில் 'பெப்லோஸ் கோரே' என்று ஒரு பளிங்குப் பெண் நிற்கிறாள். வயது கி.மு. 530 வாக்கில். 1886-ல் மண்ணிலிருந்து எடுத்தபோது அவள்மேல் பூசியிருந்த வர்ணம் அங்கங்கே மிச்சமிருந்தது. கிரேக்கச் சிலைகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் நம்ம கோயில் கோபுரம் மாதிரி சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பூசியிருக்கிறார்கள். காலத்தில் சாயம் போய்விட்டது. வெளுத்த சிலையைப் பார்த்துவிட்டுப் பிற்காலத்தார் 'ஆகா, என்ன வெள்ளை, என்ன தூய்மை!' என்று சொக்கிப் போய் வெள்ளை கவுனாகத் தைத்துத் தள்ளிவிட்டார்கள். சாயம் போன துணிக்கு உலகத்திலேயே அதிக விலை கிடைத்தது இந்த வகையில்தான்.

சரி, தைத்தவர்கள் யார்? அங்கேதான் வேடிக்கை. கிரேக்கர்களைத் தவிர எல்லோரும்!

வெனிஸில் இருந்த ஃபோர்த்தூனி, ஸ்பெயின்காரர். 1907 வாக்கில் நுணுக்கி நுணுக்கி மடிப்பு வைத்த ஒரு பட்டு கவுனை இறக்கினார். பெயர் 'டெல்ஃபோஸ்'. அவருக்கு முன்மாதிரி டெல்ஃபியில் கிடைத்த தேரோட்டியின் வெண்கலச் சிலை. தேர் ஓட்டுகிற ஆண்பிள்ளை போட்டிருந்ததை ஐரோப்பியச் சீமாட்டிகள் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனார்கள். பாரிஸில் மேடலின் வியோனே அம்மையார் கிரேக்க ஜாடிகளில் இருக்கிற பெண்களைப் பார்த்துப் பார்த்து, துணியைக் குறுக்குவாட்டில் வெட்டி உடம்போடு ஒழுக விட்டார். இத்தாலியின் வெர்சாச்சே கம்பெனி கிரேக்கப் புராணத்து மெடூசாவின் தலையையே முத்திரையாக வைத்துக்கொண்டது. 1951-ல் டியோர் மாடல் பெண்கள் அக்ரோபோலிஸில் தூணுக்கு ஒருவராக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

2017-ல் குச்சி கம்பெனி அதே அக்ரோபோலிஸில் ஃபேஷன் ஷோ நடத்த அனுமதி கேட்டது. கிரீஸ் அப்போது கடனில் கழுத்து வரை முழுகிக் கிடந்தது. வாங்கிப் போட்டிருக்கலாம். தொல்லியல் கவுன்சில் கூடிப் பேசி, முடியாது என்று சொல்லிவிட்டது. வீட்டில் அரிசி இல்லாத நேரத்திலும் பூஜை அறை வெள்ளிக் குத்துவிளக்கை அடகு வைக்க மறுக்கிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஜாதி.

இப்போது அந்த ஊரில் பிறந்து டிஸைனராக வரப் பார்க்கிற ஒரு பெண்ணின் கதியை யோசித்துப் பாருங்கள். பெரிய வித்வானின் பிள்ளை கச்சேரி மேடை ஏறுகிற மாதிரிதான். அப்பா மாதிரியே பாடினால் 'காப்பி அடிக்கிறான்'. வேறு மாதிரி பாடினால் 'அப்பா பெயரைக் கெடுக்கிறான்'. கிரேக்க டிஸைனர் மடிப்பு வைத்தால் 'மியூசியத்திலிருந்து எடுத்தது'. வைக்காவிட்டால், 'இதில் கிரீஸ் எங்கேம்மா?'

பழைய ஆட்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜீன் தெஸே: 1904-ல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். பாரிஸுக்குப் போய், பெயரைப் பிரெஞ்சுப் பெயராக்கிக்கொண்டு, ஷிஃபான் துணியில் கிரேக்க மடிப்பு வைத்தே கொடி கட்டினார். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற வாலென்டினோ இவரிடம் தொழில் பழகியவர்தான். 1962-ல் கிரேக்க இளவரசி சோஃபியாவின் (பிறகு ஸ்பெயின் ராணி) கல்யாண உடை இவர் கைவேலை. தெஸே 1970-ல் இறந்தார். அதற்குப் பிறகு 31 வருஷம் கழித்து, 2001 ஆஸ்கர் விழாவுக்கு நடிகை ரெனே ஸெல்வெகர் இவருடைய பழைய மஞ்சள் கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியில் கிடந்த துணி ஒரே ராத்திரியில் தலைப்புச் செய்தி!

யானிஸ் ட்ஸெக்லெனிஸ் வேறு ரகம். வெளியூர் ஓடாமல் ஏதென்ஸிலேயே உட்கார்ந்து, கிரேக்க ஜாடிச் சித்திரங்களையும் பைஸாந்தியச் சுவடி ஓவியங்களையும் பளீர் கலரில் துணியில் அச்சடித்து உலகமெங்கும் விற்றார். வெள்ளையின்மேல் அவருக்கு மரியாதை கிடையாது என்பதாலேயே எனக்கு அவரைப் பிடிக்கிறது. ஓனாஸிஸின் ஒலிம்பிக் ஏர்வேஸ் பணிப்பெண்களுக்கு 1970-களில் யூனிஃபாரம் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். 2020 ஜனவரியில் 82 வயதில் காலமானார்.

நான் நின்று பார்த்த இடம் சோஃபியா கொக்கோஸலாக்கி.

1972-ல் ஏதென்ஸில் பிறந்த பெண். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துவிட்டு, லண்டன் ஸென்ட்ரல் ஸெயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்குப் போய்த் துணி படித்தார். படிப்பை முடித்ததும் தன் பெயரிலேயே கடை விரித்தார். அவருக்குக் கைவந்தது அதே மடிப்புதான். ஆனால் பளிங்குச் சிலை மடிப்பு இல்லை. பின்னல் போட்டார், முறுக்கினார், தோலைக்கூடத் துணி மாதிரி மடித்தார். கிரேக்க தேவதை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின மாதிரி ஒரு தோரணை.

2004-ல் ஒலிம்பிக்ஸ் ஏதென்ஸுக்குத் திரும்பி வந்தது. தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் உடைகள் செய்யும் பொறுப்பு இவரிடம். ஐஸ்லாந்துப் பாடகி பியார்க் மேடையில் நின்று பாடப் பாட, அவர் போட்டிருந்த கவுன் விரிந்துகொண்டே போயிற்று. ஸ்டேடியத்தில் நின்ற வீரர்களின் தலைகளுக்கு மேலே போய், உலக வரைபடமாகப் பரந்தது. திரௌபதிக்கு நீண்ட புடைவைக்குப் பிறகு அப்படி ஒரு நீளத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தது இன்னும் ருசி. கிரேக்க ஜாடியைப் பார்த்துத் தைத்த வியோனே அம்மையாரைச் சொன்னேனே, அந்தக் கடை 1939-லேயே மூடிவிட்டது. 2006-ல் அதைத் தூசி தட்டித் திறந்தபோது, யாரை டிஸைனராகக் கூப்பிட்டார்கள்? சோஃபியாவைத்தான். அதாவது கிரேக்கத்துப் பாட்டி மடிப்பைப் பிரெஞ்சுக்காரம்மா கடன் வாங்கி, கடை மூடி, 67 வருஷம் கழித்து, 'கொஞ்சம் வந்து இதைத் திரும்ப வைத்துக் கொடும்மா' என்று பேத்தியையே சம்பளத்துக்கு அழைத்தார்கள். இதற்கு என்ன வட்டி போடுவது என்று எனக்கு எந்த அக்கவுன்டன்ஸி புத்தகத்திலும் சொல்லித் தரவில்லை.

சோஃபியா 2019 அக்டோபரில் இறந்துபோனார். 46 வயது.

அதே மாதத்தின் ஆரம்பத்தில் ஏதென்ஸுக்குக் கொஞ்ச தூரத்தில், ஸூனியோன் முனையில், கடலைப் பார்த்து நிற்கிற பொஸைடன் கோயில் முன்னால் இன்னொரு கிரேக்கப் பெண் ஷோ நடத்தியிருந்தார். மேரி காத்ரான்ட்ஸு. 1983-ல் ஏதென்ஸில் பிறந்தவர். அமெரிக்காவில் கட்டடக் கலை படிக்கப் போய், பாதியில் துணிக்கு மாறி, அதே லண்டன் கல்லூரியில் வந்து சேர்ந்தவர். இவர் மடிப்பு பக்கமே போகவில்லை. கம்ப்யூட்டரில் படம் செய்து அச்சடித்தார். சென்ட் பாட்டில், டைப்ரைட்டர், பூந்தோட்டம் என்று உடம்பு பூராவும் படம். ஒரு கவுனில் நிஜமான பென்சில்களையே வரிசையாகத் தைத்துவிட்டார். (ஸ்கூல் திறக்கிற ஜூன் மாதத்தில் ரொம்ப சௌகரியம்.)

பி.காம். காரனை உலுக்கியது அவருடைய 2012 செப்டம்பர் ஷோ. உடைகளில் அச்சடித்திருந்தது என்ன தெரியுமா? தபால் தலைகளும் கரன்ஸி நோட்டுகளும்! அவருடைய தாய்நாட்டின் நிலவரம் அப்போது என்ன? 2010-ல் முதல் தவணைக் கடனுதவியே 11,000 கோடி யூரோ. நாட்டின் மொத்த வருமானம் கால்வாசிக்கு மேல் கரைந்துகொண்டிருந்தது. 2013-ல் நாலில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. இளவட்டங்களில் பாதிக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 2015 ஜூன் கடைசியில் பேங்குகளையே பூட்டிவிட்டு, ஏ.டி.எம்.மில் நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்றார்கள். அந்தக் காலகட்டத்தில் ஒரு ஏதென்ஸ் பெண் லண்டனில் நோட்டு நோட்டாக உடம்பில் சுற்றி அனுப்புகிறார். குறும்பா, வயிற்றெரிச்சலா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டாகவும் தெரிந்தது.

ஸூனியோன் ஷோ புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்புக்கு நிதி திரட்ட. இசை, வாங்கெலிஸ். அக்ரோபோலிஸுக்கு 'முடியாது' சொன்ன நாடு இதற்குக் கோயில் வாசலைத் திறந்துவிட்டது. வாசலில் நிற்பவர் வீட்டுப் பெண்ணா, வந்தவரா என்பதில் வித்தியாசம் இருக்கத்தானே இருக்கும்!

வீட்டுப் பெண் என்றால் மட்டும் விட்டுவிடுவார்களா? 2024 ஏப்ரலில் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்காக ஒலிம்பியாவில் தீபம் ஏற்றினபோது, பூசாரிணிகளின் உடை காத்ரான்ட்ஸு செய்தது. துணியில் கோயில் தூண் மாதிரி அச்சு. ஊரில் பாதிப் பேர் 'பிரமாதம்', மீதிப் பேர் 'இதுவா கிரேக்கம்?' வித்வான் பிள்ளை கதைதான். அவருக்கு அதே வருஷம் புல்கரி கம்பெனி தன் கைப்பை, தோல் சாமான் இலாகாவைத் தூக்கிக் கொடுத்தது. புல்கரி இத்தாலியக் கம்பெனி என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1884-ல் ரோமில் அந்தக் கடையைத் திறந்த ஸோத்திரியோஸ் வூல்காரிஸ், கிரீஸின் எபிருஸ் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன வெள்ளி ஆசாரி!

தூணுக்குப் பதில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டவரும் உண்டு. டி பெட்ஸா என்ற பெயரில் லண்டனில் தைக்கிற டிமித்ரா பெட்ஸா. பழைய சிற்பிகள் பளிங்கிலேயே நனைந்த துணி உடம்பில் ஒட்டுகிற மாதிரி செதுக்கினார்கள். அக்ரோபோலிஸ் மியூசியத்தில் குனிந்து செருப்பை நெகிழ்த்துகிற வெற்றி தேவதையைப் பாருங்கள், புரியும். பெட்ஸா அதையே துணியில் செய்கிறார். காய்ந்த கவுன்; பார்த்தால் இப்போதுதான் அருவியிலிருந்து வந்த மாதிரி. நம்ம சினிமாக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தால் மழைப் பாட்டுக்கு லாரித் தண்ணீர் செலவு மிச்சம்.

நோட்டு விஷயம் பேசினோம், ஒரு பொய்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஃபோல்லி ஃபோல்லி என்று கிரீஸின் பெரிய நகை, கைக்கடிகார, ஃபேஷன் கம்பெனி. 1982-ல் ஆரம்பித்து, ஷேர் மார்க்கெட்டில் ஏறி, உலகம் பூரா 630 கடை என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2018 மே மாதம் ஒரு முதலீட்டு நிறுவனம் ஆள் வைத்துக் கடைகளை எண்ணிப் பார்த்தது. 289தான் தேறிற்று! தணிக்கைக்கு வந்தவர்கள் பெட்டியைத் திறந்தார்கள். ஆசியாவில் 2017-ல் 110 கோடி டாலர் விற்பனை என்று எழுதியிருந்த இடத்தில் நிஜம் 12 கோடி டாலருக்கும் கீழே. எங்கள் காலேஜில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாவிட்டால் ஸஸ்பென்ஸ் அக்கவுன்டில் போடச் சொல்லித் தருவார்கள். பாதிக் கடைகளையே ஸஸ்பென்ஸில் போட்டவர்களை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அதே பஞ்ச காலத்தில் வேறு சிலர் கடையைப் பேப்பரில் கூட்டாமல், கையைத் தேடிப் போனார்கள். கைவேலை தெரிந்த கையை.

2012. நல்ல புத்தியுள்ள எவனும் கிரீஸில் கடை திறக்காத வருஷம். டிமித்ரா கொலொதூராவும் மரேவா கிரபோவ்ஸ்கியும் ஸியூஸ் அண்ட் டியோனே என்று ஒரு உடைக் கம்பெனி ஆரம்பித்தார்கள். (மரேவாவின் கணவர் 2019-ல் பிரதமரானார். அது பிற்பாடு.) ஹோமர் கணக்குப்படி ஸியூஸும் டியோனேயும் அழகு தேவதை அஃப்ரோதித்தியின் அப்பா, அம்மா. 'அழகு எங்கேயிருந்து பிறந்தது' என்று கேட்காமல் கேட்கிற பெயர். பட்டுக்கு இவர்கள் போனது ஸூஃப்ளி.

ஸூஃப்ளி துருக்கி எல்லையில், எவ்ரோஸ் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். ஒரு காலத்தில் ஊரே பட்டுப்புழுவுக்காகத்தான் வாழ்ந்திருக்கிறது. வீடு கட்டும்போதே புழு வளர்க்கிற தட்டுகள் அடுக்க உயரமான கூடமாகக் கட்டுவார்கள். 'கூட்டுவீடு' என்றே பெயர், பட்டுக்கூட்டைச் சொல்கிறார்கள். மனுஷர்கள் ஒண்டிக்கொள்ள வேண்டியது. 1923 ஒப்பந்தத்தில் ஆறு எல்லையாகிப் போனது. அக்கரை முசுக்கட்டைத் தோட்டங்கள் அந்நிய தேசமாயின. பிறகு செயற்கைப் பட்டு வந்தது. கூடு காலியானது. இன்றைக்கு அந்த ஊரில் பட்டுக்கு மியூசியம் இருக்கிறது. ஒரு தொழிலுக்கு மியூசியம் வந்துவிட்டதென்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மியூசியத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் ஓடிக்கொண்டிருந்த தறிகளை வைத்துத்தான் இவர்கள் தைக்க ஆரம்பித்தார்கள். ஒரு உடை பல நூறு யூரோ. அதே வருஷம்தான் கிறிஸ்தினா மார்த்தினி, நிக்கோலாஸ் மினோக்லூ என்ற இருவர் 'ஏன்ஷியன்ட் கிரீக் ஸாண்டல்ஸ்' என்று செருப்பு கம்பெனியும் போட்டார்கள். அந்த அம்மாள் பாரிஸ் பெரிய கம்பெனிகளுக்குச் செருப்பு வரைந்துகொண்டிருந்தவர். ஊர் திரும்பி, பழைய தோல் செருப்புக்காரர்களை உட்கார வைத்து, ஹெர்மஸ் தேவனின் பறக்கும் பாதரட்சை நினைவாகத் தங்கக் கலரில் ஒரு சிறகு வைத்தார். ஏதென்ஸில் செருப்புத் தைப்பவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. ஸ்தாவ்ரோஸ் மெலிஸ்ஸினோஸ் என்று ஒருவர், செருப்பும் தைப்பார், கவிதையும் எழுதுவார். 1960-களில் பீட்டில்ஸ் கோஷ்டி அவர் கடை தேடி வந்து காலை நீட்டியிருக்கிறது.

2021 ஜூன் 17. டியோர் மறுபடி ஏதென்ஸுக்கு வந்தது. 1896-ன் முதல் நவீன ஒலிம்பிக்ஸ் நடந்த அதே பளிங்கு ஸ்டேடியத்தில் ஷோ. அப்போது டியோரின் டிஸைனராக இருந்த மரியா கிராஸியா கியூரி, 1951-ல் வந்தவர்களைப் போல போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. ஸூஃப்ளி மில்லுக்குப் பட்டு ஆர்டர் கொடுத்தார். மீனவர் தொப்பி செய்கிற பட்டறைக்கு ஆர்டர். ஆர்கோஸ் என்ற ஊரில் பாரம்பரிய உடைகளுக்குக் கையாலேயே எம்ப்ராய்டரி போடுகிற ஒரு தையற்காரரிடம் டியோரின் புகழ்பெற்ற 'பார்' ஜாக்கெட்டைக் கொடுத்து வேலை செய்ய வைத்தார். நாட்டுப்புற நடனக்காரர்களுக்கும் திருவிழாவுக்கும் தைத்துக்கொண்டிருந்த கை!

இந்த ஆர்கோஸ்காரரைப் பற்றிப் படித்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். மேலே ஓடவில்லை.

நான் பி.காம். முடித்துவிட்டு முதலில் சேர்ந்தது ஒரு ஏற்றுமதி கம்பெனி. அக்கவுன்ட்ஸ் அஸிஸ்டென்ட். பையர் டஜனுக்கு ஒரு டாலர் குறைக்கச் சொன்னார். காஸ்டிங் ஷீட் என் மேஜைக்கு வந்தது. நூல், சாயம், ஜிப், பட்டன், அட்டைப்பெட்டி... எதிலும் குறைக்க முடியவில்லை. 'கை எம்ப்ராய்டரி, பீஸுக்கு 38 ரூபாய்' என்று ஒரு வரி. கழுத்தோரம் சின்னச் சின்ன மல்லிகைப் பூ. மெஷினில் போட்டால் 9 ரூபாய். பென்சிலை எடுத்தேன், வரியை அடித்தேன். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த மாதம் எனக்கு 500 ரூபாய் இன்க்ரிமென்ட்.

பின்கட்டில் பதினொரு பெண்கள் உட்கார்ந்து பூப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். கடைசிச் சம்பளம் வாங்க வந்த ஒரு அம்மாள் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, பூ நல்லால்லேன்னு சொல்லிட்டாங்களா?"

நான் ரெவின்யூ ஸ்டாம்ப்பைத் தேடுகிற மாதிரி டிராயருக்குள் குனிந்துகொண்டேன்.

இது நடந்து பதினாலு வருஷம் இருக்கும். ஆர்கோஸ்காரரின் போட்டோவைப் பார்த்தபோது அவர் முகத்தைவிட, ஜாக்கெட் கழுத்தோரம் போட்டிருந்த வேலையைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, ராத்திரி ஒரு மணிக்கு என்ன அது, யாரோ ஒரு கோட்டு?" என்றாள் மனைவி. பூ என்றேன். விளக்கை அணைத்துவிட்டாள்.

மாமனார் கடைசியில் பதினாலாயிரத்துச் சொச்சத்தைக் கொடுத்தே விட்டார். ரிசப்ஷன் அன்றைக்கு மேடை ஏறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் மணப்பெண் அறையில் ஒரே கூச்சல். கிரீஸ் மாடலின் இருந்த ஒரே தோளிலும் தையல் விட்டுக்கொண்டுவிட்டது! மேக்கப் பெண் பசை தேடுகிறாள். மச்சினி அழலாமா, மை கரையுமா என்று யோசிக்கிறாள். மாமியார்தான் நிதானமாகத் தன் தாலிக்கொடியைப் பிடித்து, அதில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் பெரியதாக ஒன்றைக் கழற்றி, துணியை இரண்டாக மடித்து, வெளியே தெரியாமல் ஒரே குத்து.

வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "மாப்பிள்ளை! நாலு நாளா கிரீஸ் கிரீஸுன்னு பேசினீங்களே, இப்ப வந்து பாருங்க, சரியா இருக்கா?" என்றார்.

சரியாகத்தான் இருந்தது.